பழைய பாத்திரங்களில் ஓடும் நீர்: கடை முகப்பில் கேட்கப்பட்ட கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையின் முகப்பில் நின்று குழாயும் வால்வும் ஆணியும் விற்பது என் வேலை. ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறியவர்கள் தூக்கிப்போட மனமில்லாமல் கொண்டுவந்த வாளி, சாடி, ஆட்டுக்கல் ஆகியவற்றை வைத்து, வாசலில் தண்ணீர் விழுகிறாற்போல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. எனவே, அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, இதுக்கு என்னென்ன சாமான் வேணும்? செலவு ரொம்ப ஆகுமா?

நான்கு பொருள்கள் போதும். நீரைத் தேக்கிவைக்கக் கீழே ஒரு பெரிய பாத்திரம், நீர் வழிந்து விழ மேலே ஒரு சிறிய பாத்திரம், நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், அதிலிருந்து மேலே செல்லும் ரப்பர் குழாய். கீழே உள்ள நீர்தான் மேலே போய்த் திரும்பிக் கீழே வருகிறது என்பதால், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வற்றியதை மட்டும் நிரப்பினால் போதும். பாத்திரங்கள் வீட்டிலேயே இருக்குமானால் பம்ப் ஒன்றுக்குத்தான் காசு. அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எந்தப் பாத்திரம் நல்லாருக்கும்? எங்க தேடுறது?

என்னைக் கேட்டால் முதலிடம் ஆட்டுக்கல்லுக்குத்தான். கருங்கல் தண்ணீரோடு சண்டை போடாது, காற்றில் சாயாது, பாசி பிடித்தால்கூட அழகாக இருக்கும். அடுத்தது தெம்பாயான் என்று நாம் சொல்லும் மெருகிட்ட பெரிய தண்ணீர்ச் சாடி. ரப்பர் பால் மரம் வெட்டியவர்கள் வீட்டில் இருக்கும், தோளில் கம்பு வைத்துத் தூக்கும் காண்டா வாளிகளைச் சாய்த்துக் கட்டினால் நீர் ஊற்றும் வாயாகப் பயன்படும். மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளைப் படிப்படியாக அடுக்கினால் சிறு அருவி கிடைக்கும். மங்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பழைய பால் படலத்தை ஒரு நாள் ஊறவைத்துப் பிறகு நகத்தால் உரித்தாலே வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. குவாலி என்னும் இரும்பு வாணலி துருப்பிடித்து நீரைப் பழுப்பாக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் துத்தநாகம் பூசிய தகர வாளிகளையும் வெறும் நீர் விழுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றிலிருந்து கரையும் உலோகம் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. பக்கத்துக் கோலகங்சாரின் சாயோங்கில் செய்யப்படும் கறுப்பு மண் கூஜாவான லாபு சாயோங்கைச் சிலர் எடுத்து வருகிறார்கள். அதன் மண் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்ச்சியாகிறது. எனவே அதை நீர் ஊற்றும் வாயாக மேலே வைக்கலாமே தவிர, நீரைத் தேக்கும் பாத்திரமாக வைத்தால் நாள்தோறும் கசிந்துகொண்டே இருக்கும்.

தோட்டத்துல புல்லு மருந்து வந்த நீலத் தோம்பு சும்மா கிடக்கு. சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டுப் பாவிக்கலாமா?

கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. தோம்பு என்று நாம் சொல்லும் பிளாஸ்டிக் பீப்பாயின் சுவர் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல நீரில் விடும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் அதற்கு முன் வந்த தோம்புகள் இன்னும் கொட்டகை ஓரங்களில் கிடக்கின்றன. நாய் குடிக்கும், குருவி குளிக்கும், பேரப்பிள்ளை கையை விடும் நீரை அதில் வைப்பது நியாயமல்ல. ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும், பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவும் வந்த கலன்களையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன்.

சமையல் எண்ணெய், கிச்சாப், சீனிப்பாகு போன்ற உணவுப் பொருள் வந்த தோம்புகளை வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுத்துவிடும். லேபிள் கிழிந்துபோய் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாத தோம்பு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அழகைப் பிறகு பார்க்கலாம். ஒரு பாத்திரம் முன்பு எதைச் சுமந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரும்புத் தோம்பைக் கிரைண்டர்ல பாதியா வெட்டிறலாம்ல?

பெட்ரோல், டீசல், தின்னர் வந்த தோம்பை வெட்டவே வேண்டாம். காலியாகத் தெரியும் தோம்பில் ஆவி தங்கியிருக்கும்; கிரைண்டரின் தீப்பொறி பட்டால் தோம்பு வெடிகுண்டு போல வெடிக்கும். மூடியைத் திறந்து வெயிலில் காயவைத்தேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. ஏற்கெனவே வெட்டப்பட்ட தோம்பைப் பழைய இரும்புக் கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டிவிடுங்கள்.

எத்தனை லிட்டர் பம்ப் வாங்கணும்?

பம்ப் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மணிக்கு எத்தனை லிட்டர் என்பது. மற்றது எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது. பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிப்போய், மறுநாள் திரும்பக் கொண்டுவருகிறார்கள். மணிக்கு 800 லிட்டர், உயரம் 1.2 மீட்டர் என்று எழுதியிருந்தால், 1.2 மீட்டர் உயரத்தில் 800 லிட்டர் வரும் என்று பொருளல்ல. உயரமே இல்லாதபோது 800 லிட்டர், 1.2 மீட்டரில் ஒரு சொட்டுகூட வராது. இடையில் 60 சென்டிமீட்டரில் ஏறத்தாழப் பாதிதான் வரும். உயரத்தைக் கீழ்ப் பாத்திரத்தின் நீர்மட்டத்திலிருந்து குழாயின் மேல் வாய் வரை அளக்க வேண்டும்.

எவ்வளவு நீர் தேவை என்பது, அது விழும் விதத்தைப் பொறுத்தது. கண்ணாடித் தகடு போல விரிந்து விழ வேண்டுமானால், வழியும் விளிம்பின் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு ஏறத்தாழ 380 லிட்டர் வேண்டும். ஆட்டுக்கல் குழியில் குமிழியிட்டு வழிய, மேலே வந்து சேரும் நீர் மணிக்கு 300 முதல் 500 லிட்டர் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். சற்றுப் பெரிய பம்பை வாங்கி, வால்வு வைத்துக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சிறிய பம்பை எந்த வால்வும் பெரிதாக்காது. பம்பின் வாயைவிடச் சிறிய குழாயைத் திணிக்கவும் வேண்டாம்.

வெளியில கரண்டு இழுக்கப் பயமா இருக்கு. ஷாக் அடிக்காதா?

பயப்படுவது நல்லதுதான். இயன்றவரை 12 வோல்ட் பம்பையே வாங்கி, அதன் அடாப்டரை வீட்டுக்குள் வையுங்கள். 240 வோல்ட் பம்ப் என்றால், 30 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் அந்த இணைப்பில் இருக்க வேண்டும். அந்தச் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு மூடி உள்ள பிளக் பாயிண்ட்டைப் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள். நீளும் கம்பியைச் சன்னல் வழியே இழுத்துப் பிளாஸ்டிக் பையால் சுற்றிவைக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

பம்பின் கம்பி பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கையை நீரில் விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். மாலை இடிமழை கறுத்து வரும்போதும் கழற்றிவிடுங்கள். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 10 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 7.2 யூனிட்தான்.

அப்போ சோலார் பம்ப் போட்டுட்டா?

மின்னதிர்ச்சி இல்லை, கம்பி இல்லை. ஆனால் மேகம் வந்தால் நின்றுவிடும், இரவில் ஓடாது. நம் ஊரில் மதியத்துக்கு மேல் மேகமூட்டம்தான். பேட்டரி உள்ளதை வாங்கினால் சில மணி நேரம் கூடும். நின்றுபோகும் நீரில் என்ன நடக்கும் என்பதைக் கொசுவைப் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

சாடியில ஓட்டை போட்டேன், பாதியிலயே வெடிச்சுப் போச்சு. என்ன தப்பு?

பெரும்பாலும் மூன்று தவறுகளில் ஒன்று: சுத்தியல் முறையில் டிரில் ஓடியிருக்கும், கான்கிரீட்டுக்கான முனையைப் போட்டிருப்பீர்கள், அல்லது நீர் ஊற்றாமல் சூடேற விட்டிருப்பீர்கள். பீங்கானுக்கும் மெருகிட்ட சாடிக்கும் வைரத்தூள் பூசிய வட்ட முனை வேண்டும். துளையிடும் இடத்தில் காகித டேப் ஒட்டி, முனையைச் சற்றே சாய்த்துத் தொடங்கி, பிறை போலக் கோடு விழுந்ததும் நிமிர்த்தி, நீரைச் சொட்டவிட்டுக்கொண்டே மெதுவாகச் சுற்ற வேண்டும். நீர் வேண்டும் என்பதால் பேட்டரி டிரில்தான் பாதுகாப்பு. முனை மறுபக்கம் வெளிவரும் தறுவாயில் கையின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், அங்கேதான் சில்லு தெறிக்கும்.

துளையே வேண்டாம் என்றும் செய்யலாம். குழாயைப் பாத்திரத்தின் வெளிப்பக்கமாக ஏற்றி விளிம்பின் மேல் மடக்கி, செடியையோ குழவியையோ வைத்து மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாட்டி காலத்துச் சாடி என்றால் நான் இதையே சொல்வேன்.

சிலிக்கோன் அடிச்சும் ஒழுகுது அக்கா.

எதில் அடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. நீலத் தோம்பும் பெரும்பாலான பிளாஸ்டிக் வாளிகளும் பாலிஎதிலீன் வகை. அதில் சிலிக்கோன் ஒட்டாது, சில நாளில் தோல் போல உரிந்துவிடும். அங்கே ரப்பர் வாஷர் உள்ள டேங்க் கனெக்டரை இருபுறமும் முறுக்குவதே வழி. கல், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றில் சிலிக்கோன் ஒட்டும். ஆனால் காய்ந்த பரப்பில் அடித்து இரண்டு நாள் நீர் படாமல் விட வேண்டும். மீன் விடப் போகிறீர்கள் என்றால், பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோனைத் தவிர்த்து, மீன் தொட்டிக்கானதை வாங்குங்கள்.

இன்னொன்று: ஒழுகுகிறது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் ஒழுகுவதில்லை, தெறிக்கிறது. பம்பை நிறுத்தி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கினால் பாத்திரத்தில் விரிசல். இறங்காமல், பம்ப் ஓடும்போது மட்டும் நீர் குறைந்தால், அது வெளியே தெறிக்கிறது அல்லது விளிம்பின் அடிப்பக்கமாகப் பாத்திரத்தை ஒட்டியே வழிந்து தரைக்குப் போகிறது. விளிம்பில் சிறு ஓட்டுத் துண்டை மூக்கு போல ஒட்டினால் நீர் சுவரை விட்டு விலகி விழும். நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் வரை இறங்குவது வெயிலுக்குப் போவது. அதை எந்தப் பசையாலும் அடைக்க முடியாது.

தண்ணி வச்சா ஏடிஸ் கொசு வந்து ஐநூறு வெள்ளி சம்மன் வாங்கணுமே?

நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தாலே 500 ரிங்கிட் வரை அபராதத் தொகை விதிக்கப்படலாம். வழக்கு நீதிமன்றம் சென்றால் தண்டனை இதைவிடப் பெரிது. ஆனால் ஓடும் நீரில் ஏடிஸ் வளர்வது அரிது. புழு மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சுவிடும். மேற்பரப்பு ஆடிக்கொண்டே இருந்தால் அதனால் பிழைக்க முடியாது. சிக்கல் வருவது நாம் அழகுபார்க்கும் இடத்தில் அல்ல, நாம் பாராத இடத்தில்: தோம்பின் மடிந்த விளிம்பு, பம்ப் ஓடினாலும் அசையாத மூலை, சாடிக்கு அடியில் வைத்த தட்டு, மிஞ்சிப்போய்ப் பின்வாசலில் கவிழ்க்காமல் போட்ட மங்கு.

முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை பார்த்தால் தப்பிக்கலாம். வெறுமனே நீரை ஊற்றிவிட்டால் போதாது. ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது. காய்ந்த நிலையிலும் அம்முட்டை பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிந்துவிடும். ஆகவே அந்த விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு தீபாவளிக்குப் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நாள் அக்காள் வீட்டுக்குப் போய்வந்தேன். பிறருக்கு இத்தனை ஆண்டுகள் புத்தி சொன்ன என் வாசலிலேயே, ஆட்டுக்கல் குழியில் புழு நெளிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் எல்லாவற்றையும் வடித்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன்.

மீன் விட்டுட்டு, அபேட்டும் போடலாமா?

இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துப் போடத் தேவையில்லை. நான்கைந்து கப்பி மீன் இருந்தால் கீழ்ப் பாத்திரத்தில் ஒரு புழுவும் மிஞ்சாது. இடம் சிறிதென்றால் ஒரே ஒரு சண்டை மீன் போதும். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விடாதீர்கள். கொசுப்புழுவைக் கொல்லும் மருந்தான அபேட் மணலை மீன் போக முடியாத, நீர் தேங்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அளவு 10 லிட்டருக்கு 1 கிராம். கைப்பிடி கணக்கில் அள்ளிப் போடுவது மருந்தை வீணாக்குவதுதான்.

மீன் விட்ட அன்னிக்கே செத்துப் போகுது.

குழாய் நீரில் உள்ள குளோரின் முதல் சந்தேகம். வாய் அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். ஆனால் குளோரமின் கலந்த நீர் அப்படிச் சரியாகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் போடுவது இரண்டுக்கும் பொருந்தும். இரண்டாவது சந்தேகம் மேலே சொன்ன செம்பும் துத்தநாகமும். மூன்றாவது வெயில்: மதிய வெயிலில் 10 லிட்டர் வாளி சூடேறும் வேகத்தை, 100 லிட்டர் பாதித் தோம்போடு ஒப்பிட முடியாது. 40 லிட்டருக்குக் குறைந்த பாத்திரத்தை நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வைத்து மீன் விடுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டியும் மீனைக் கொல்லும். அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்புவதும் வடிப்பதுமாக இருந்து, அதன் பிறகே மீனை விடுங்கள்.

ஒரு வாரத்துல தண்ணி பச்சையாயிடுதே. குளோராக்ஸ் ஊத்தட்டுமா?

குளோராக்ஸ் துணி வெளுக்கும் மருந்து; மீனும் செடியும் இருந்தால் ஊற்றவே கூடாது. அவை இல்லாவிட்டாலும் குருவி வந்து குடிக்கும். வெயிலும் உணவும் மிகுந்தால் பாசி வரும். எனவே வெயிலை மறையுங்கள், மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள், உதிர்ந்த இலையை அள்ளுங்கள். வல்லாரையையும் பண்டானையும் சிறு தொட்டியில் நட்டு ஓரத்தில் வேர் நனையும்படி வைத்தால், பாசிக்குப் போக வேண்டிய சத்தை அவை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் துவையலுக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும் இலை கிடைக்கும். அல்லி வேண்டுமென்றால் தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. வெயில் வேண்டும், பாசி வேண்டாம் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்பது கடினம். ஊதாப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை வைத்தால், மிஞ்சியதைக் கால்வாயில் மட்டும் எறியாதீர்கள். அது பெருகி ஆற்றையே மூடிவிடும்.

வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கு. வைக்கலாமா?

தவழும், தத்தி நடக்கும் பிள்ளை சில சென்டிமீட்டர் நீரிலும் மூழ்கும். கீழ்ப் பாத்திரத்தை மண்ணில் புதைத்து, அதன் வாய்க்கு மேல் கான்கிரீட்டுக்குள் வைக்கும் பி.ஆர்.சி. கம்பி வலையை வெட்டிப் போட்டு, வலையின் மேல் ஆற்றுக்கூழாங்கற்களைப் பரப்புங்கள். நீர் கற்களுக்கிடையே மறைந்து போகும். திறந்த நீர்ப்பரப்பே இருக்காது. பார்க்கவும் இதுவே அழகு. வலை பிள்ளையின் எடையைத் தாங்குகிறதா என்று நீங்களே ஏறி நின்று பாருங்கள்.

ஆட்டுக்கல்ல வாசல்ல போட்டுக் கொசு விளையாட விடுறது பாவம்னு அம்மா திட்டுறாங்க. ஈசானியத்துலதான் வைக்கணுமாமே?

மாவரைத்த கல்லைக் காலில் இடறும்படி போடுவதுதான் அம்மாவுக்கு வருத்தம். முழங்கால் உயரத்தில் மேடை கட்டி, குழவியையும் பக்கத்தில் வைத்து, முதல் நீரை அவர் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வந்த இரண்டு அம்மாக்கள் இப்படித்தான் சமாதானமானார்கள். வடகிழக்கில் நீர் வைப்பது வாஸ்து நம்பிக்கை. உங்கள் வீட்டு வடகிழக்கு மூலை கெட்டியான, சமமான தரையாக இருந்தால் தாராளமாக வையுங்கள். 100 லிட்டர் நீர் 100 கிலோ; கல்லின் எடை வேறு. எந்த மூலையானாலும் ரசமட்டம் வைத்துப் பார்க்காவிட்டால் நீர் ஒரு பக்கமாகவே வழியும்.

சத்தம்தான் பிரச்சினை. பைப்பு மூட மறந்த மாதிரி இருக்காம், அவருக்குத் தூக்கம் வரலையாம்.

ஒல்லியான தாரை ஆழமான நீரில் உயரத்திலிருந்து விழுந்தால் அப்படித்தான் கேட்கும். சிலர் இதைவிட மோசமான உவமையும் சொல்கிறார்கள். விழும் உயரத்தைக் குறையுங்கள், அல்லது விழும் இடத்தில் நீருக்குச் சற்று மேலே தெரியும்படி தட்டைக் கல்லை வையுங்கள். வால்வைக் கொஞ்சம் மூடினாலே பாதி அடங்கும். நீர் அல்லாமல் பம்பே உறுமுகிறது என்றால், அது பாத்திரத்தின் அடியைத் தொட்டு அதிர்கிறது. அதன் கீழ் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் போதும்.

மேல குவாலி, கீழ வாளி. பம்ப் போட்டா வாளி வத்துது, நிறுத்தினா வாளி பொங்கி வழியுது. ஏன்?

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஓடும்போது மேல் பாத்திரத்தின் நீர்மட்டம் விளிம்பைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவாலியில் அந்த உயர்வு 1 சென்டிமீட்டர் என்றால், 2.8 லிட்டர் நீர் மேலேயே நிற்கிறது. நிறுத்தியதும் அது முழுவதும் கீழே வரும். கீழே இருப்பது 8 லிட்டர் வாளி என்றால் தாங்காது. கீழ்ப் பாத்திரம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னது இதனால்தான். நீர் வற்றிப் பம்ப் வெறுமனே ஓடினால் எரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் குழாயின் வாய். துளையிடாமல் விளிம்பின் மேல் மடக்கிய குழாயின் நுனி குவாலி நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் நீரைத் திரும்ப உறிஞ்சி, குவாலி காலியாகும்வரை கீழே இறக்கும். நுனியை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். நுனி தெரியக்கூடாது என்றால், நிற்கும் நீர்மட்டத்தை ஒட்டி, அதற்குச் சற்றே மேலே, குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். ஓடும்போது அதன் வழியே கொஞ்சம் பீச்சும், நின்றதும் காற்று நுழைந்து உறிஞ்சலை அறுத்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும் என்பதால், வாராவாரம் விளிம்பைத் தேய்க்கும்போது ஒரு தென்னங்குச்சியை விட்டு எடுத்துவிடுங்கள்.